கண்டறியப்பட்டுள்ளது

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் போகும் ஒழுங்கையில் நானாவின் கொமினிகேஷன் கடை இருந்தது, இப்போதும் இருக்கிறது. போட்டோக்கொப்பி, தட்டச்சு, லமினேற்றிங், விசா படிவம். வாசலில் கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவது). உள்ளே, மின்விசிறிக்கு நேர் கீழே, ஹெல்மெட்டை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொம்பியூட்டருக்கு முன்னால் அக்கா. தட்டச்சுக்கு வரும் தாளை எவரும் மேலிருந்து கீழே வாசிப்பார்கள். அவர் கடைசி வசனத்தை முதலில் வாசிப்பார். அதில் ‘கண்டறியப்பட்டுள்ளது’ என்ற சொல் இருந்தால் (எப்போதும் இருக்கும்) சிவப்புப் பேனையால் அதன் கீழே ஒரு கோடு இழுப்பார். பிறகு நிமிர்ந்து, தாளைக் கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்த்துக் கேட்பார்:

“ஆர்?”

வந்தவருக்கு விளங்காது.

“என்ன பிள்ளை, ஆர்?”

“கண்டறியப்பட்டுள்ளது எண்டு எழுதியிருக்கிறியள் சேர். ஆர் கண்டறிஞ்சது?”

“நான்தான்.”

“அப்ப ‘கண்டறிந்தேன்’ எண்டு அடிக்கட்டோ?”

“ஐயோ வேண்டாம். உப்பிடி எழுதினால் திருப்பி அனுப்பிப்போடுவினம்.”

“சரி. படட்டும்” என்று சொல்லிவிட்டுக் கீபோர்ட்டை இழுத்துக்கொள்வார். அதற்குப் பிறகு விரல்கள் மட்டும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆய்வுச் சுருக்கம் என்பது பல்கலைக்கழக மாநாட்டுக்கு முன்கூட்டியே அனுப்பும் ஒரு பக்கம். ஒரு வருட ஆய்வையும் ஆறேழு வசனத்தில் அடக்கிவிட வேண்டும். ஏற்றுக்கொண்டால் மேடையில் பத்து நிமிடம் பேசலாம், தொகுதி நூலில் பெயர் அச்சாகும், பிறகு ஏதாவது நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது அந்தப் பக்கத்துக்குப் புள்ளி கிடைக்கும். முதுமாணிப் பட்டம் செய்யும் ஆசிரியர்கள், வலயக் கல்விக் கந்தோர் உத்தியோகத்தர்கள், குருமட மாணவர்கள், என்னைப்போலத் தற்காலிக நியமனத்தில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் மாநாட்டுக் காலத்தில் அந்த ஒழுங்கைக்குள் வந்து நின்றோம். அந்தக் கோடும் அந்த ‘ஆர்?’ கேள்வியும் எங்கள் எல்லோருக்கும் விழுந்தன. வலயக் கந்தோரில் அவருக்கு ‘ஆர் அக்கா’ என்று பெயர். அவருக்கு அது தெரியும். “பரவாயில்லை, கேள்வியையாவது ஞாபகம் வைச்சிருக்கினம்” என்பார்.

நான் அவரிடம் முதன்முதலாகப் போனது மூன்று வருடங்களுக்கு முந்திய சோளகக் காற்றுக் காலம். மொழியியலில் சிறப்புப் பட்டம் முடித்து, ஒரு பல்கலைக்கழகத்தில் தற்காலிக உதவி விரிவுரையாளராகி, விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். தலைக்குள் ஆயிரம் திட்டம். நடக்காமல் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. என் ஆய்வுச் சுருக்கத்தைத் தட்டச்சுக்குக் கொடுக்க எனக்குத் தேவையே இல்லை, என்னிடம் லப்டொப் இருந்தது. பிரிண்ட் எடுக்கத்தான் போனேன். பிரிண்டரிலிருந்து வந்து விழுந்த தாளை அவர் எடுத்து, கேட்காமலே வாசித்து, பதினொரு கோடு போட்டுக் கையில் தந்தார். நான் சிறப்புப் பட்டம் என்று சொன்னேன். “ஓம், தெரியுது. அதுதான் பதினொண்டு” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் காலையும் போய் நின்றேன்.

அவித்த பனங்கிழங்கை உரித்து, நடுவில் கிழித்து, தும்பை இழுத்து எறிந்துவிட்டுத் தின்றுகொண்டே வாசிப்பது அவர் பழக்கம். பிடிக்காத சுருக்கத்தைப் பற்றி, “இதில தும்பு மட்டும்தான் கிடக்கு, கிழங்கைக் காணேல்லை” என்பார். ஒழுங்கைக்குள் எந்நேரமும் இரண்டு மூன்று கழுதைகள் நிற்கும். மன்னார் டவுனில் அது புதினமில்லை. பிழையாகிப்போன தாள்களை வாசலில் எறிந்தால் அவை வந்து தின்னும். ஒருநாள் ஒரு கழுதை சமூகவியல் பக்கம் இரண்டைத் தின்றுவிட்டு, மெய்யியல் பக்கத்தை முகர்ந்து பார்த்து விட்டுவிட்டுப் போனது. நானா விழுந்து விழுந்து சிரித்தார். “அதுக்கும் வெளங்கல்ல போல புள்ள!”

அக்கா தலைப்பைப் பார்க்காமல் துறையைச் சொல்லுவார். இது எனக்கு ஒரு விளையாட்டாகவே போய்விட்டது. தலைப்பைக் கையால் மறைத்து நான் தாளைப் பிடிப்பேன்.

“நூற்றாண்டில தொடங்குது. வரலாறு. கடைசியில பாரும், ‘ஆவணங்கள் வெளிப்படுத்துகின்றன’ எண்டிருக்கும். தாங்கள் ஒண்டும் சொல்லமாட்டினம், கடதாசி வாய் திறந்து சொல்லிப்போட்டுதாம்.”

மறைத்த இடத்தை எடுத்தால் வரலாறுதான்.

“இது சமூகவியல். உலகத்தில தொடங்கி, தெற்காசியாவுக்கு வந்து, இலங்கைக்கு வந்து, வடக்குக்கு வந்து, மன்னாருக்கு வந்து, பிறகுதான் ஊருக்கு வரும். கொழும்பு பஸ்ஸும் உவ்வளவு இடத்தில நிக்காது.”

இலக்கியக்காரர்களின் சுருக்கத்தில் முடிவே வராது, ‘ஆராய முனைகிறது’ என்று முனைந்துகொண்டே இருப்பார்கள் என்பது அவர் கணிப்பு. மெய்யியல்காரரிடம் முறையியல் எங்கே என்று கேட்டால் கோபம் வரும். கிறிஸ்தவ நாகரிகத்தில் முதல் வசனம் மனுக்குலம் முழுவதையும் பற்றியது, கடைசி வசனம் பங்கு மக்களுக்குப் புத்திமதி. என் துறையையும் விட்டுவைக்கவில்லை.

“நீங்கள் மொழியியல்காரர் ஆளை விட்டிட்டு வாயை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு போற ஆக்கள்.”

“அதுக்கு என்ன செய்யிறது அக்கா? நாங்கள் படிக்கிறது பேச்சைத்தானே?”

“நான் பிழையெண்டு சொன்னனானோ? எழுதேக்கை அது ஆரின்ர வாய் எண்டு ஒரு சொல் சொல்லலாம்தானே.”

அவர் சொந்த ஊர் தாழ்வுபாடு. தினமும் ஸ்கூட்டியில் வந்து போவார். வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்து, இரண்டாம் வருடப் பரீட்சையோடு விட்டவர். ஏன் விட்டார் என்று நான் கேட்டபோது, “விடப்பட்டது” என்றார். அது பகிடி என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கிச் சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை.

அந்த ‘படு’வில் அவருக்கு அப்படி என்ன பகை என்று ஒருநாள் கேட்டேன். இலக்கண நூலில் அது ஒரு சாதாரண துணைவினை, செயப்பாட்டுவினைக்கு வருவது, அவ்வளவுதான் என்று என் படிப்பை எடுத்து விட்டேன்.

“தங்கச்சி, எங்கட ஊர்ப் பேரிலயே பாடு இருக்கு. கரைவலை இழுக்கிற இடத்துக்குப் பாடு எண்டுதான் பேர். தவக்காலம் வந்தால் கோயிலில ஆண்டவர் பட்ட பாடுகளை வாசிப்பினம். எனக்குப் ‘பட்டது’ எண்டு ஒரு சொல் கேட்டால் உடன நினைவு வாறது பட்ட ஆள். உங்கட ஆக்கள் எழுதுற சுருக்கத்தில எல்லாமே படுது. தெரிவுசெய்யப்பட்டது, சேகரிக்கப்பட்டது, பகுப்பாயப்பட்டது. பட்டது ஆர் எண்டு மட்டும் இல்லை.”

இதைச் சொல்லிவிட்டு ஒரு மரணச் சான்றிதழை லமினேற் செய்யப் போய்விட்டார்.

முடிவு எழுதும் விஷயத்தில் அவர் வளையமாட்டார் என்பதை நான் கண்ணால் கண்டேன். முதுமாணி செய்துகொண்டிருந்த ஒரு சேர் வந்தார். விடத்தல்தீவில் மீன் பதனிடும் பெண்களைப் பற்றிய சுருக்கம். அக்கா வழமைபோலக் கடைசி வசனத்தை வாசித்தார்.

“சேர், விடத்தல்தீவுக்கு எப்ப போனனீங்கள்?”

“இனித்தான் போகோணும் தங்கச்சி. சுருக்கத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசித் திகதி. களவேலை அடுத்த மாதம்.”

“அப்ப இந்த முடிவு?”

“முடிவு தெரிஞ்சதுதானே. பொருளாதாரக் கஷ்டம். வேற என்ன வரப்போகுது?”

“போயிட்டு வந்தாப் பிறகு அந்த வசனத்தைத் தாங்கோவன். மிச்சத்தை இப்ப அடிச்சுத் தாறன்.”

சேர் சிரித்தார். அக்கா பகிடி விடவில்லை. மற்ற எல்லா வசனத்தையும் பிழையில்லாமல் அடித்து, கடைசி வசனம் வரவேண்டிய இடத்தில் இரண்டு வரி வெறுமையாக விட்டு, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். சேருக்கு முகம் கறுத்தது. நானாவைக் கூப்பிட்டார். நானா வந்து, “புள்ள, எங்கட வேல அடிக்கிறதுதானே. கண்டுபிடிச்சாரா இல்லையாண்டு பாக்குறது அல்லாவும் கம்பஸும்” என்று கெஞ்சினார். அக்கா அசையவில்லை. அந்த வசனத்தை நானாவே ஒரு விரலால் தடவித் தடவி அடித்துக் கொடுத்தார். அந்தச் சுருக்கம் ஏற்கப்பட்டது. சேர் பிறகும் வந்து போனார். அக்காவிடம் தாளை நீட்டுவதில்லை.

விடுமுறை முடிய ஒரு வாரம் இருக்கும்போது அக்கா எனக்கு ஒரு பச்சை பைலைக் காட்டினார்.

மாநாட்டுத் தொகுதி நூல்களைச் சான்றிதழோடு சேர்த்துப் பிரதி எடுக்கக் கொண்டுவருபவர்கள் அந்தப் பாரமான புத்தகத்தைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். வருடக்கணக்காக அவற்றில் எங்கள் கரையைப் பற்றிய சுருக்கங்களை மட்டும் பிரதி எடுத்து வைத்திருந்தார். வைத்திருந்தார் என்றால், அப்படியே அல்ல. ஒவ்வொரு சுருக்கத்தையும் வசனம் வசனமாகக் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தார். பழைய கலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில் துறைக்கு ஒரு நிரல் கீறி, முதல் வசனங்களுக்கு நேரே முதல் வசனங்கள், இரண்டாவதுக்கு நேரே இரண்டாவது என்று ஒட்டியிருந்தார். தரையில் விரித்தபோது கடையின் பாதி நிறைந்தது. நான் முழங்காலில் நின்று வாசித்தேன். பல்கலைக்கழகத்தில் மாதக்கணக்காக எங்களுக்குச் சொல்லித்தந்த முறையியல் ஒன்றும் இதற்குக் கிட்ட வராது என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்தது.

“இதில என்னக்கா பாத்தனீங்கள்?”

“ஆக்கள் எந்த வசனத்தில காணாமல் போகினம் எண்டு பாத்தனான்.”

நானா போட்டோக்கொப்பி மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். போரில் காணாமல் போனவர்களை இன்னும் தேடும் இந்தக் கரையில் அந்த இரண்டு சொல்லை யாரும் சும்மா சொல்வதில்லை.

அக்கா விரலை வைத்துக் காட்டிக்கொண்டு போனார். சமூகவியலில் இரண்டாம் வசனத்தில் பெண்கள் வருகிறார்கள், மூன்றாம் வசனத்தில் மாதிரியாகிறார்கள், நாலாம் வசனத்தில் தரவாகி முடிந்துபோகிறார்கள். மொழியியலில் நாலாம் வசனம்வரை ஒரு வாய் இருக்கிறது. இலக்கியத்தில் கதைப் பாத்திரம் ஒருத்தி கடைசிவரை இருக்கிறாள், அவளைப்போல உயிரோடு இருக்கிறவள் வருவதே இல்லை. வரலாற்றில் ஆள் காணாமல் போக வேண்டிய தேவையே இல்லை. முதலிலிருந்தே துறைமுகமும் வரியும் முத்தும்தான்.

ஏன் இதைத் தொடங்கினார் என்று கேட்டேன். ஒருமுறை ஆய்வுக்கு வந்த ஒருவர் அக்காவின் அம்மாவோடு அரை நாள் இருந்து கதைத்தாராம். அம்மா கருவாடு காயப்போட்டபடியே, கலியாணம், பிள்ளைப்பேறு, இடம்பெயர்ந்தது, திரும்பி வந்தது எல்லாம் சொன்னாராம். போகும்போது அந்த ஆள், “அம்மா சொன்னது புத்தகத்தில வரும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதற்குப் பிறகு வருடம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார், புத்தகம் வந்ததோ என்று. ஒருநாள் அந்தத் தொகுதி கடைக்கு வந்தது. அக்கா அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். ‘பெண்களின் வாழ்வாதாரம் பின்தங்கியுள்ளமை கண்டறியப்பட்டுள்ளது.’

“அம்மா திருப்பி வாசிக்கச் சொன்னா. வாசிச்சன். ‘இதில நான் சொன்னது எங்க பிள்ளை?’ எண்டு கேட்டா. நான் என்னத்தைச் சொல்ல?”

இதை அனுப்ப வேண்டும் என்று நான் குதித்தேன். கடைக்குள் உண்மையாகவே குதித்தேன். எங்கள் பல்கலைக்கழக மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்ப இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அவர் முதலில் மாட்டேன் என்றார், பிறகு சிரித்தார், பிறகு ஒரு மதியம் முழுக்கக் கடையில் வேறு வேலை தொடாமல் ஒரே இருப்பில் எழுதினார். ‘நான்’ என்று தொடங்கியது. மன்னார்க் கரையைப் பற்றிய சுருக்கங்களை நான் வெட்டி ஒட்டிப் பார்த்தேன் என்று எழுதியிருந்தார். கடைசி வசனம் எனக்கு இன்றும் மனப்பாடம்: ‘ஆள் எந்த வசனத்தில் காணாமல் போகிறார் என்பதில்தான் துறைகள் வேறுபடுகின்றன, காணாமல் போவதில் வேறுபாடு இல்லை.’

தாளைத் தந்துவிட்டுச் சொன்னார்:

“நீர் வெட்டும், திருத்தும், என்னவும் செய்யும். என்ர பேர் மட்டும் இருக்கோணும். அம்மாவுக்கு விரலை வைச்சுக் காட்டோணும், இந்தா, இது நான் எண்டு. வேற ஒண்டும் வேண்டாம்.”

“அக்கா, உங்கட பேர்தான் முதல். என்ர பேர் பின்னால, சும்மா.”

“சத்தியமோ?”

“மடு மாதா அறிய.”

மாநாட்டுப் படிவம் இணையத்தில் இருந்தது. ஆசிரியர் பெயர், அதற்கு அடுத்த கட்டம் நிறுவனம். நிறுவனத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடாது. நான் போனில் கேட்டேன்.

“நிறுவனம் எண்டு என்னக்கா போட?”

“நானாட கடையைப் போடும்.”

பின்னால் நானாவின் குரல் கேட்டது. “போடு புள்ள! நம்மட கடையும் கம்பஸ்ஸில வரட்டும்!”

போட்டேன். இரண்டாம் நாள் மாநாட்டு இணைப்பாளர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், குரலை உயர்த்தாதவர். “தங்கச்சி, இது என்ன, கொமினிகேஷன்? அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் இல்லாட்டில் ஆசிரியராய்ப் போடேலாது. உங்கட பேரில அனுப்புங்கோ. அவவுக்கு நன்றி சொல்லலாம்தானே.” கடைசி நாள் நாளை என்றும் சொன்னார். என் ஒப்பந்தம் அந்த வருடத்தோடு முடிகிறது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நிரந்தர நியமனத்துக்கான நேர்முகத்தில் என் பெயரில் அச்சான ஒரு பக்கமாவது வேண்டும். என்னுடைய பதினொரு கோட்டுச் சுருக்கம் வேறொரு மாநாட்டிலிருந்து அதற்கு முன்பே திரும்பி வந்திருந்தது.

அந்தக் கடைசி நாள் மடு மாதா கோயில் திருவிழா நாளில் விழுந்தது. அக்கா அம்மாவோடு மடுவுக்குப் போயிருந்தார். அவரைக் கேட்காமல் அவர் பெயரை அழித்தேன். தற்காலிகமாக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு சேர்க்கலாம், இறுதிப் பிரதியில் சேர்க்கலாம். மடுவில் சிக்னல் இருக்காது, கேட்க வழியில்லை என்றும் சொல்லிக்கொண்டேன். சிக்னல் இருந்தது. அன்று காலையிலேயே வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார்: கூடாரத்துக்கு முன்னால் அம்மாவும் அவரும், இரண்டு பேரும் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. கீழே ஒரு வரி. ‘அனுப்பியாச்சோ? அம்மாட்டச் சொல்லிட்டன்.’

‘ஓம்’ என்று பதில் போட்டேன்.

ஒரு மாதத்தில் குழுவிடமிருந்து திருத்தம் வந்தது. தன்மை ஒருமையைத் தவிர்க்கவும். முடிவு வசனத்தை ஆய்வு மொழியில் அமைக்கவும். நான் மொழியியல் படித்தவள், எனக்கு அரை மணித்தியால வேலை. ‘நான் வெட்டி ஒட்டிப் பார்த்தேன்’ என்பது ‘உள்ளடக்கப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தப்பட்டது’ ஆனது. கடைசி வசனம் இப்படி ஆனது: ‘துறைகளுக்கிடையே ஆய்வுக்குட்பட்டோரின் பிரதிநிதித்துவம் வேறுபடுகின்றமை கண்டறியப்பட்டுள்ளது.’ இரண்டாம் பாதி இடம் போதாமல் வெட்டுப்பட்டது. வெட்டுப்பட்டது என்று எழுதுகிறேன் பாருங்கள். வெட்டினேன்.

அச்சான பக்கத்தில் நன்றி சொல்ல இடமில்லை. மேடையில் கடைசித் திரையில் ஒரு வரி போட்டேன்: ‘தட்டச்சு உதவி: மன்னாரைச் சேர்ந்த ஓர் அக்கா.’ நேரம் முடிந்து மணி அடித்ததால் அந்தத் திரையை ஒருவரும் பார்க்கவில்லை. கைதட்டினார்கள். கேள்வி நேரத்தில் ஒரு பேராசிரியர், “மிகப் புதுமையான முறை, எப்படித் தோன்றியது?” என்று கேட்டார். அதற்குப் பதில் வர எனக்கு ஒரு நிமிடமாவது எடுக்கும் என்று நினைத்தேன். ஐந்து வினாடியில் வந்தது. “வாசிக்கும்போது தோன்றியது சேர்.”

மார்கழியில் நியமனம் கிடைத்தது.

தொகுதி நூலோடு கடைக்குப் போனேன். போகாமல் விட்டிருக்கலாம், தபாலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் அம்மா ஒவ்வொரு நாளும் கேட்கிறா என்று அவர் இரண்டு முறை செய்தி அனுப்பியிருந்தார். வாடை பிடித்து மழை தூறிக்கொண்டிருந்தது. நானா என்னைக் கண்டதும், “வாங்க மிஸ்! வாங்க!” என்று கதிரையைத் துடைத்தார். போன முறைவரை நான் அவருக்குப் புள்ள.

அக்கா பக்கத்தைத் திருப்பினார். நான் அவரை அறிந்த நாளிலிருந்து முதல்முறையாக மேலிருந்து வாசித்தார். தலைப்பு. தலைப்புக்குக் கீழே பெயர். பெயர் இருந்த வரியில் விரலை வைத்து, கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தி, வெறும் தாளில் நிறுத்தினார். பிறகு கீழே வந்தார். சிவப்புப் பேனை கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. அவர் அதை எடுப்பார் என்று காத்திருந்தேன். கோடு போட்டிருந்தால், ஏசியிருந்தால், நான் அழுதிருப்பேன், காலில் விழுந்திருப்பேன், அதோடு முடிந்திருக்கும்.

“எழுத்து வடிவாய்க் கிடக்கு” என்றார். “நல்ல பிரஸ்.”

“அக்கா, நிறுவனம் இல்லாட்டில் அவையள் பேரை ஏற்கிறேல்லை. நான் எவ்வளவோ கதைச்சுப் பாத்தனான். அடுத்த வருசம் முழுக் கட்டுரையாய்ப் போடேக்கை கட்டாயம்…”

“அம்மாட்ட என்ன சொல்ல?”

நான் வாசலில் நின்ற கழுதையைப் பார்த்தேன்.

“சரி. பிரஸ்காரர் விட்டிட்டினம் எண்டு சொல்லுறன். அவ நம்புவா. பிரஸ்காரரை அவவுக்குத் தெரியாதுதானே.”

எழும்பிப்போய் அந்த ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்தார். கத்தரிக்கோலை எடுத்து வசனம் வசனமாக வெட்டினார். ஒவ்வொரு துண்டாகப் பசை பூசி, மொழியியல் நிரலில், அந்தந்த வசனத்துக்கு நேரே ஒட்டினார். அவசரம் இல்லை, கோபம் இல்லை. மற்றவர்களுடையதை எப்படி ஒட்டினாரோ அப்படி. புத்தகத்தை மூடி என்னிடம் தந்து, “உமக்கு வேணும், நேர்முகத்துக்கு” என்றார்.

“நேர்முகம் முடிஞ்சுது அக்கா.”

“ஓ. கிடைச்சிட்டுதோ? நல்லது.”

நல்லது என்பதை நல்லது என்றே சொன்னார். அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

முழுக் கட்டுரை எழுதப்படவில்லை. நான் எழுதவில்லை. இந்த வருடம் சுருக்கங்களைச் சரிபார்க்கும் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். நிறுவனக் கட்டத்தில் ‘வீடு’ என்று எழுதிய ஒன்று வந்தது. பெரியமடுப் பக்கத்திலிருந்து யாரோ. இணைப்பாளர் தந்த கடிதத்தின் மாதிரியில் பெயரை மட்டும் மாற்றித் திருப்பி அனுப்பினேன். ‘ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது என்பதை அறியத்தருகின்றோம்.’ இரண்டு நிமிடம் எடுத்தது.

அன்று பின்னேரம்தான் அக்காவைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. எனக்குத் தோன்றுவது எல்லாமே இப்படித்தான், திடீரென்று, ஆவேசமாக. போன் எடுத்தேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு. எடுத்தார். நலம் கேட்டார். அம்மா சுகமாக இருக்கிறாராம். பின்னால் மெஷின் ஓடும் சத்தம்.

“அக்கா, உங்களைப் பற்றி எழுதப்போறன். நடந்தது எல்லாத்தையும். உங்கட பேரோட. முழுப் பேரோட.”

மெஷின் சத்தம் நின்றது. அவர்தான் நிறுத்தியிருக்க வேண்டும்.

“எழுதும். நல்லாய் எழுதும், உமக்கு வரும். பேரைப் போடாதையும்.”

“ஏனக்கா? இப்ப ஒருத்தரும் தடுக்கேலாது. நிறுவனம் ஒண்டும் கேக்கமாட்டினம்.”

“தங்கச்சி, அங்க போட்டிருந்தால் அது எனக்கு. இங்க போட்டால் அது உமக்கு. இரவில நித்திரை வரோணும் எண்டு கேக்கிறீர். நான் ஏன் அதுக்கு என்ர பேரைத் தாறது?”

நான் என்னவோ சொல்லத் தொடங்கினேன். கடையில் ஆட்கள் நிற்கினம், பிறகு எடுக்கிறன் என்று வைத்துவிட்டார். எடுக்கவில்லை.

பெயரை நான் போடவில்லை.